மப்பு வானத்திலும் நெபுலா: மட்டக்களப்பில் புதுத் தொலைநோக்கியோடு படம் எடுக்கும் வழி

புதுத் தொலைநோக்கி வாங்கினால் மழை வரும் என்பது வான்படம் எடுப்பவர்களின் பழைய பகிடி. ஐப்பசியில் பெட்டியைப் பிரித்த மட்டக்களப்பாருக்கு அது பகிடியாகத் தெரியாது. வாடைக் காற்று பிடித்துவிட்டால் தை மாதம் வரைக்கும் மப்பும் மழையும்தான். மழை இல்லாத மாதங்களிலும் பின்னேரம் இடி முழங்கும், கடல் ஈரம் லென்ஸில் படியும், கச்சான் காற்று முக்காலியை ஆட்டும்.

அந்தி முதல் விடியல் வரை துடைத்துவிட்ட வானம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கருவி அலுமாரியிலேயே கிடக்கும். ஆனால் மழை விட்டு அடுத்த முகில் வருவதற்குள் அரை மணி, முக்கால் மணி நேரம் வானம் வெளிப்பது இங்கே சாதாரணம். அந்த முக்கால் மணிக்குள் ஒரு நல்ல படம் எடுக்கலாம், வானம் வெளிக்கும்போது நீங்கள் தயாராக இருந்தால். கீழே சொல்வதெல்லாம் அந்த ஆயத்தத்தைப் பற்றித்தான்.

உங்களிடம் 60 முதல் 80 மிமீ லென்ஸ் தொலைநோக்கி, குவியத்தூரம் 350–450 மிமீ, ஒரு ஈக்குவடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் தாங்கி), டிஎஸ்எல்ஆர் அல்லது கலர் வான்கமரா இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இன்னும் வாங்கவில்லை என்றால், 8 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியின் பக்கம் முதலில் போகாதீர்கள். அதன் நீண்ட குழாய் காற்றில் ஆடும், கண்ணாடிகளை ஒழுங்குபடுத்தவே வெளித்த நேரத்தில் பாதி போய்விடும். சீஸ்டார் எஸ்50 போன்ற சிறு தானியங்கித் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்கான ஒரு முக்கிய விசயத்தைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் எதை எடுப்பது

நாம் இருப்பது வட அகலாங்கு 7.7 பாகையில். அம்பாறை இன்னும் கொஞ்சம் தெற்கே. ஐரோப்பாவில் இருந்து படம் எடுப்பவர்களுக்கு எட்டாத தெற்கு வானம் நமக்கு வீட்டு வாசலில் எழும்புகிறது. இணையத்தில் வரும் ‘சிறந்த பத்து’ பட்டியல்கள் அவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாரி ஓய்ந்து வரும் மாசியில் ஓரியன் நெபுலா (நெபுலா என்பது விண்வெளியில் உள்ள வாயுத் திரள்), எம் 42. மாதத்தின் நடுவில் இரவு 8 மணிக்கே உச்சிக்குக் கிட்டே வந்துவிடும். புதுக் கருவிக்கு இதைவிடப் பொறுமையான பொருள் கிடையாது: 10 வினாடி எக்ஸ்போஷரிலேயே இறக்கை தெரியும். சித்திரையில் கரீனா நெபுலா. அது அதிகபட்சம் 22 பாகை உயரத்துக்குத்தான் வரும் என்பதால் தெற்கே தென்னை மறைக்காத இடம் வேண்டும்.

வைகாசி கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கில் ஒமேகா சென்டோரி. பால்வெளியிலேயே மிகப் பெரிய கோளக் கொத்து, ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தூரம். இருட்டான கரையில் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கிய புள்ளியாகத் தெரியும். முகில் நடுவே படம் எடுப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நட்சத்திரக் கொத்து என்பதால் வானம் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் படம் கெடாது, ஃபில்டர் தேவையில்லை, அரை மணி நேரம் போதும்.

ஆடி, ஆவணியில் விருச்சிகமும் தனுசும். லகூன் நெபுலா எம் 8 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரவு 9 மணிக்கு 58 பாகை உயரத்தில் நிற்கும். பக்கத்திலேயே ட்ரிஃபிட், கொஞ்சம் மேலே ஓமேகா, ஈகிள் நெபுலாக்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்குவதால் லென்ஸில் பனி படிவதும் குறைவு. கிழக்கின் உண்மையான படக்காலம் இதுதான்.

மங்கலான விண்மீன் மண்டலங்களை (கேலக்சிகளை) முதல் வருடம் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு மணிக்கணக்கில் சுத்தமான வானம் வேண்டும்.

எங்கே நிற்பது

எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) நின்றால் கிழக்கும் தென்கிழக்கும் கடல். அந்தப் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லை. மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் மட்டும் அடிவானத்தில் இருக்கும். கல்லடிக் கடற்கரையில் இருந்து நேர் தெற்கே பார்த்தால் காத்தான்குடியின் வெளிச்சம் எழும்பும். ஆகவே தெற்குப் பொருட்களை அவை உச்சத்துக்கு வரும் முன்பே, தென்கிழக்கில் கடலுக்கு மேலே நிற்கும்போது பிடிப்பது நல்லது. கடலுக்கு மேலே முதல் 15 பாகை உப்புப் புகார் (மூட்டம்). அதற்குக் கீழே எதையும் தேட வேண்டாம். களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, அல்லது திருக்கோவில் பக்கம் உறவினர் வீடு இருந்தால் அதிர்ஷ்டம்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை இன்னும் இருட்டு. ஆனால் குளக்கரைகளிலும் வயல் வெளிகளிலும் இரவில் யானை வரும். வான்படம் எடுப்பவர் சிவப்பு டோர்ச்சோடு சத்தம் இல்லாமல் இருட்டில் இருப்பவர், அதாவது யானைக்கு முன்னறிவிப்பே கொடுக்காதவர். ஊர்க்காரர் ஒருவரின் வளவுக்குள் நிற்க முடியாவிட்டால் போக வேண்டாம். கடற்கரையிலும் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டே நில்லுங்கள். நடுராத்திரியில் முக்காலியில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பவரை யாரும் வானியல் ஆர்வலர் என்று முதலில் நினைக்க மாட்டார்கள்.

சரி, உண்மையில் மழைக் காலத்துக்கு மிகச் சிறந்த இடம் உங்கள் சொந்த வளவு அல்லது மேல்மாடிதான். வெளித்தவுடன் இரண்டு நிமிடத்தில் வெளியே வைக்கலாம், தூறினால் ஒரு நிமிடத்தில் உள்ளே எடுக்கலாம். இருட்டான இடத்துக்கு ஒரு மணி நேரம் ஓடிப் போய் மப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, கொஞ்சம் வெளிச்சமான வளவு மேல்.

பகலில் முடிக்க வேண்டியவை

வெளித்த நேரத்தை அதிகம் தின்பது ஃபோகஸ். நட்சத்திரமே இல்லாத திரையைப் பார்த்து, குழாயை உள்ளே வெளியே இழுத்துக்கொண்டு இருக்கும்போதே முகில் மூடிவிடும். இதைப் பகலிலேயே தீர்க்கலாம். கமராவைப் பூட்டி, வாவிக்கு அக்கரையில் உள்ள தொலைபேசிக் கோபுரத்தையோ தண்ணீர்த் தாங்கியையோ பாருங்கள். 420 மிமீ குவியத்தூரத்தில், 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொருளுக்கான ஃபோகஸ் நட்சத்திர ஃபோகஸில் இருந்து 0.1 மிமீகூட விலகாது. குழாயில் அந்த இடத்தைப் பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். இரவில் அந்தக் கோட்டில் இருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் போதும். பிறகு பஹ்டினோவ் மாஸ்க் (கோடுகோடாக வெட்டிய லென்ஸ் மூடி) போட்டு, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் தெரியும் மூன்று கோடுகளில் நடுக்கோட்டைச் சரியாக மையத்துக்குக் கொண்டு வாருங்கள். பகலில் இதைச் செய்யும்போது குழாயைச் சூரியன் பக்கம் தவறியும் திருப்பாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மூடியைப் போட்டே வையுங்கள்.

தேடுகுழாயையும் அதே கோபுரத்துக்கு நேராக்குங்கள். வயர்களை மவுண்டோடு கட்டி, எந்தத் திசைக்குத் திரும்பினாலும் இழுபடுகிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பற்றரி முழு சார்ஜ். லப்டொப்பில் அன்றைய பொருள், எக்ஸ்போஷர், கோப்புறை எல்லாம் முன்கூட்டியே. ஒரு இரவுக்கு ஒரு பொருள், ஒரு மாற்றுப் பொருள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் எதுவும் முழுதாக வராது.

துருவத்தைக் காணாமல் துருவத்தை ஒழுங்கு செய்வது

மவுண்டின் சுழல் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கினால்தான் அது நட்சத்திரங்களைச் சரியாகப் பின்தொடரும். வழிகாட்டிப் புத்தகங்கள் நமக்குச் சரிவராத இடம் இது. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தில் இருந்து ஏறத்தாழ 8 பாகை உயரத்தில்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகை, அதற்கும் கீழே. தென்னையோ பக்கத்து வீட்டு மதிலோ புகாரோ அதை மறைத்துவிடும். மவுண்டுக்குள் இருக்கும் துருவக் குழாயை நம்பிப் பயனில்லை.

முதல் சிக்கல், பல மவுண்ட்கள் 10 அல்லது 15 பாகைக்குக் கீழே இறங்காது. அப்படியானால் முக்காலியின் ஒரு காலை வடக்கே பார்க்க வைத்து, அந்தக் காலை மட்டும் கொஞ்சம் குட்டையாக்குங்கள். முக்காலி மட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; துருவ அச்சின் சாய்வுதான் கணக்கு. ஆனால் பாரம் வடக்கே சாய்வதால் கவிழாமல் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். இரண்டாவது சிக்கல், அச்சு ஏறத்தாழப் படுத்திருப்பதால் எடைத்தண்டு சுற்றும்போது முக்காலிக் காலில் இடிக்கும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு குட்டித் தூண் வைத்தால் தீரும்.

ஒழுங்கு செய்வதற்கு நினா மென்பொருளில் உள்ள மூன்று புள்ளி முறை நமக்கென்றே செய்தது போன்றது. வானத்தின் எந்தத் துண்டு வெளித்திருந்தாலும் போதும்: மூன்று இடத்தில் படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகி இருக்கிறது என்று சொல்லிவிடும். ஷார்ப்கேப் என்ற இன்னொரு மென்பொருளின் முறைக்குத் துருவப் பகுதி தெரிய வேண்டும் என்பதால் இங்கே அது கைகொடுக்காது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? பலர் இதில் அளவுக்கு மேல் மினக்கெடுகிறார்கள். அச்சு ஒரு பாகை முழுதாகப் பிழைத்தாலும் நட்சத்திரம் நகர்வது நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). மூன்றில் ஒரு பாகைப் பிழை என்றால் 20 வினாடிக்கு 2 வில்வினாடிக்கும் குறைவு. 420 மிமீ குழாயும் 3.76 மைக்ரோன் பிக்சலும் சேர்ந்தால் ஒரு பிக்சல் 1.85 வில்வினாடி. அதாவது நட்சத்திரம் ஒரு பிக்சல்கூட நகரவில்லை. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் செலவழிக்காதீர்கள். கைடிங்கும் (இன்னொரு கமராவால் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) வேண்டாம், அதன் அளவீட்டுக்கே வெளித்த நேரத்தில் கால்வாசி போய்விடும்.

வளவில் எடுப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஒரு நல்ல இரவில் ஒழுங்கு சரியானதும் முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைச் சீமெந்தில் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். சாய்வுத் திருகைத் தொடவேண்டாம், கால்களின் நீளத்தையும் மாற்ற வேண்டாம். அடுத்த முறை குறியில் வைத்தாலே அரைவாசி வேலை முடிந்தது.

தானியங்கித் தொலைநோக்கிக்காரருக்கு நான் சொன்ன விசயம் இங்கேதான். மேல்கீழ், இடம்வலம் என்று மட்டும் திரும்பும் கருவியில் படம் மெதுவாகச் சுழலும். உச்சிக்குக் கிட்டே சுழற்சி கடுமை: 77 பாகை உயரத்தில் உச்சம் தொடும் ஓரியன் நெபுலா அங்கே நிமிடத்துக்கு ஒரு பாகைக்கு மேல் சுழலும், 10 வினாடிப் படத்தின் மூலைகளிலேயே நட்சத்திரம் இழுபட்டுத் தெரியும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் சுழற்சி ஏறத்தாழ இல்லை. ஆகவே ஓரியனை உச்சியில் பிடிக்காமல், மார்கழி, தையில் வெளிக்கும் இரவுகளில் அது கடலுக்கு மேலே 30–50 பாகையில் ஏறிவரும்போது பிடியுங்கள்.

இன்றைக்குப் போவதா, வேண்டாமா

‘கிழக்கு மற்றும் ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை’ என்ற வானிலை அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அதைக் கேட்டவுடன் திட்டத்தைக் கைவிடாதீர்கள். அந்த மழை நிலம் சூடேறுவதால் வருவது. சூரியன் போனபின் தானாகவே வலுவிழக்கும். இரவு 10 மணிக்குப் பிறகு தூசி கழுவப்பட்ட, மிகத் தெளிந்த வானம் கிடைப்பது அந்த நாட்களில்தான். வாடைக்கால மழை வேறு வகை. அது கடலில் இருந்து பட்டை பட்டையாக வரும், நேரம் காலம் பார்க்காது. இரண்டு பட்டைக்கு நடுவே உள்ள இடைவெளிதான் உங்களுக்கு.

விண்டி போன்ற செயலிகளில் செய்மதிப் படத்தைப் பாருங்கள், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பாருங்கள். இரவில் அவை காட்டுவது அகச்சிவப்புப் படம், அதாவது வெப்பநிலை. உயரத்தில் உள்ள குளிர்ந்த முகில் வெள்ளையாகத் தெரியும். தாழ்வான முகில் கடலின் வெப்பத்துக்குக் கிட்டே இருப்பதால் அதில் சரியாகத் தெரியாது. படத்தில் வெறுமை, தலைக்கு மேலே மப்பு என்பது இதனால்தான். கடைசித் தீர்ப்பு வெளியே வந்து, காற்று வரும் திசையில் அடிவானத்தைப் பார்ப்பதுதான். அங்கே 20 பாகை உயரத்தில் நட்சத்திரங்கள் நின்றால் எடுக்கலாம்.

மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவு என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது கருவியைப் பற்றி யோசிக்காமல் நீங்கள் உள்ளே போங்கள்.

வெளித்ததும்

கோட்டில் ஃபோகஸ், மாஸ்க், மூன்று புள்ளி, பொருளை மையத்துக்குக் கொண்டுவருதல். பகல் வேலை நடந்திருந்தால் இதெல்லாம் பத்து நிமிடத்துக்குள். அப்புறம் எக்ஸ்போஷர்.

நல்ல வானத்தில் 3 நிமிடம், 5 நிமிடம் என்று எடுப்பார்கள். முகில் நடுவே அது நட்டம்: ஒரு துண்டு முகில் குறுக்கே போனாலே 5 நிமிடமும் வீண். 20 வினாடி எடுத்தால் வீணாவது அந்த 20 வினாடிதான். இப்போதைய சீமொஸ் சென்சர்களில் வாசிப்பு இரைச்சல் (ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது சேரும் புள்ளிக் கறை) குறைவு என்பதால் ஊர் வெளிச்சத்தில் குறுகிய படங்களை அடுக்குவதில், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ப்பதில், பெரிய இழப்பும் இல்லை. டிஎஸ்எல்ஆர் என்றால் ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 வைத்து, ஹிஸ்டோகிராமில் (கமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) மேடு இடது ஓரத்தை விட்டு விலகி கால்வாசி தூரத்தில் நிற்கும் வரை நேரத்தைக் கூட்டுங்கள்.

40 நிமிடத்தில் 20 வினாடிப் படம் ஏறத்தாழ 120. முகிலில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 80 மிஞ்சும். ஒமேகா சென்டோரிக்கு அது தாராளம். லகூனுக்குப் போதாது, ஆனால் முதல் தவணை. இரைச்சல் பாதியாக வேண்டுமென்றால் நாலு மடங்கு படம் வேண்டும். அதைப் பல இரவுகளில் சேர்க்கலாம்.

முகில் வந்தால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். மூடி, மறுபடி திறந்து, மறுபடி பொருளைத் தேடுவதைவிட அப்படியே ஓடவிட்டுப் பிறகு கழிப்பது சுகம். மழைத்துளி விழுந்தால் மட்டும், ஏற்கனவே பக்கத்தில் வைத்திருக்கும் பெரிய பொலித்தீன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுங்கள். தறப்பாள் வேண்டாம், காற்று அதைப் பிடித்தால் முக்காலியையும் சேர்த்து இழுக்கும். கச்சான் வீசும் இரவில் முக்காலிக் கால்களை முழுதாகக் குறுக்கி, நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிடுங்கள். மதில் மறைவில் நிற்பது அதைவிட நல்லது.

இரட்டைப் பட்டை ஃபில்டர் ஐதரசனின் 656 நானோமீட்டர் சிவப்பையும் ஒட்சிசனின் 501 நானோமீட்டர் பச்சையையும் மட்டும் விடும். நிலவும் மெல்லிய முகிலும் சேர்ந்து வானத்தை வெளிற வைக்கும் இரவில் லகூன், கரீனா போன்ற நெபுலாக்களை அது காப்பாற்றும். கொத்துகளுக்குப் போடவேண்டாம். மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆர் அந்தச் சிவப்பின் பெரும்பகுதியை உள்ளேயே தடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பனியும் உப்பும்

பனி விழுந்தது முதலில் தெரியாது. திரையில் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் வரும். மங்கலானவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். முகில் என்று நினைத்து மேலே பார்த்தால் வானம் தெளிவாக இருக்கும். டோர்ச்சைச் சரிவாகப் பிடித்து லென்ஸைப் பாருங்கள், மூச்சு ஊதிய கண்ணாடி மாதிரி இருக்கும். துணியால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து கீறும். 12 வோல்ட் சூட்டுப் பட்டியை லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் சுற்றி, ஆரம்பத்தில் இருந்தே மெல்லிய சூட்டில் ஓடவிட்டால் பனி படியவே படியாது.

கடற்கரையில் நின்றால் வீட்டுக்கு வந்ததும் குழாயின் உலோகப் பகுதிகளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சணம் லென்ஸைத் தின்றுவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் வாணலியில் மெல்லச் சூடாக்கி மறுபடி போடலாம்.

ஒன்றுமே தெரியாத இரவில்

டார்க் படங்கள் எடுங்கள். மூடியைப் போட்டு, அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ, 30 படம். சென்சரின் வெப்ப இரைச்சல் 6, 7 பாகை செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நமது வெக்கையான இரவுகளில் டார்க் இல்லாமல் டிஎஸ்எல்ஆர் படத்தைச் சுத்தம் செய்ய முடியாது. மழை இரவும் படம் எடுக்கும் இரவும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை என்றால் அதே டார்க்குகளைப் பயன்படுத்தலாம். குளிரூட்டும் கமரா வைத்திருப்பவர்கள் அதைப் பூச்சியத்தில் நிறுத்துங்கள். −10 கேட்டால் இந்த ஈரத்தில் சென்சர்க் கண்ணாடியிலேயே பனி கட்டக்கூடும்.

தூசியின் நிழலையும் ஓரத்து இருளையும் பிறகு நீக்க உதவும் ஃபிளாட் படங்களுக்கு மப்பு மூடிய பகல் வானம் இலவச விளக்கு. லென்ஸின் மேல் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, ஃபோகஸையும் கமராவின் கோணத்தையும் மாற்றாமல் எடுங்கள். இரவு முடிந்ததும் கமராவைக் கழற்றாமல் அப்படியே உள்ளே வைத்துவிட்டு விடிந்ததும் எடுக்கலாம்.

கழித்தலும் அடுக்கலும்

படங்களை அடுக்கும் சிரில் என்ற மென்பொருள் இலவசம், அது போதும். டார்க், ஃபிளாட் போட்டுப் படங்களைப் பொருத்தியதும் அது ஒவ்வொரு படத்துக்கும் நட்சத்திர அகலம், பின்புல வெளிச்சம், நட்சத்திர எண்ணிக்கை என்று வரைபடம் தரும். ஊருக்குள் எடுத்திருந்தால் முகில் வந்த படத்தில் பின்புலம் கூடும், ஏனென்றால் முகில் தெருவிளக்கைத் திருப்பி அனுப்புகிறது. இருட்டான கரையில் எடுத்திருந்தால் பின்புலம் உயராது, சிலவேளை குறையும். அதனால் பின்புலத்தை மட்டும் பார்த்துக் கழிப்பது தவறு. நட்சத்திர எண்ணிக்கையைப் பாருங்கள். வழமையில் 70 சதவீதத்துக்குக் கீழே விழுந்த படம் எதுவும் வேண்டாம். இதில் இரக்கம் காட்டினால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிய ஒளிவட்டம் இறுதிப் படத்தில் வந்து நிற்கும்.

மிஞ்சியதை சிக்மா கழிப்போடு (மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத புள்ளிகளை நீக்கும் முறை) அடுக்குங்கள். பின்புலச் சரிவை நீக்க சிரிலின் கருவியோ கிராக்ஸ்பேர்ட் மென்பொருளோ போதும். முகில் இரவில் ஒரு மூலை வெளிறியே இருக்கும், அதை நீக்காமல் நிறத்தைத் தொடாதீர்கள். கடைசியில்தான் படத்தை வெளிச்சமாக்குவது. கறுப்பை முழுக் கறுப்பாக இழுத்தால் நெபுலாவின் ஓரம் வெட்டுப்படும், பின்புலத்தை அடர் சாம்பலில் விடுங்கள்.

மூலப் படங்களை அழிக்க வேண்டாம். கோப்புறைப் பெயரில் பொருள், திகதி, எக்ஸ்போஷர், கமராவின் கோணம் நான்கையும் எழுதி, அந்த இரவின் ஃபிளாட்டையும் உள்ளேயே போட்டுவையுங்கள். அடுத்த ஆடியில் லகூனுக்கு இன்னொரு தவணை எடுக்கும்போது கமராவை அதே கோணத்துக்குத் திருப்பினால் பழைய படமும் புதியதும் ஓரம் வெட்டுப்படாமல் ஒன்றாக அடுக்கப்படும்.